மற்றவை

டோர்ட்மண்டில், முன்பு பியர் ஆலையாக இருந்த கட்டடம்.
நான்காம் மாடி. மழை நாளில் இன்னும் புளித்த வாடை.
விட்டுப் போகிறவர்களின் கடைசி வரியைப் படித்து
வகை பிரித்துப் போடுவது என் உத்தியோகம்.

கணக்கை மூடப் போகிறவரைத் தளம் மறித்துக் கேட்கும்:
ஏன் போகிறீர்கள்?
ஆறு கட்டம். ஐந்தில் பதில் சமைத்து வைத்திருக்கும்.
ஆறாவது, மற்றவை. பக்கத்தில் ஒரு வெற்றுக்கோடு.
அந்தக் கோட்டில் தமிழ் விழுந்தால் என் மேசைக்கு வரும்,
துருக்கி விழுந்தால் எதிர்மேசை நூர்குலுக்கு.
விழுந்ததை மறுபடி ஐந்தில் ஒன்றுக்குள் தள்ள வேண்டும்.
மணிக்கு எண்பது. குறைந்தால்
திரை மூலையில் ஒரு பொம்மை முகம் சிவக்கும்.

அம்மாவும் வந்திட்டா. இனி எனக்கென்ன வேலை இங்கை.

செருப்பு வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு,
இன்னும் செருப்பையே காட்டுற.

காய்ச்சல்னு லீவு போட்டேன்.
கல்யாணப் படத்துக்கு மேனேஜர் ஹார்ட் போட்டார்.

குகதாசனுக்கு வாழ்த்துச் சொல்லு எண்டு கேக்கிறாய்,
மூண்டு வருசமா. அவன் செத்து நாலு.

இதற்கெல்லாம் விரல் நிற்பதில்லை.
குகதாசனைத் தொந்தரவில் போட்டேன்.
சிலர் தளத்திடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்,
சாப்பிடாமல் பந்தியிலிருந்து எழுந்தவர்களைப்போல.

தொட்டில்தான் சற்று நிறுத்தியது.
அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு.
தொட்டில் விளம்பரத்தை எப்படி நிப்பாட்டுறதுன்னு தெரியல.
அதனால நான் போறேன்.
எண் இரண்டு, விளம்பரம்.
சரியான இடம்தான்.
எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு
தோர்ஸ்டனுக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டுமாம்.
அவனிடம் இறங்குமுகமாய் ஒரு கோடு இருக்கிறது,
பொத்தானின் நீலம் பழசாகிவிட்டது என்று ஓர் ஐயமும்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றேன்,
எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.
எங்களுக்கும் உண்டு, என்று துள்ளினான்,
விருந்தாளி மீன்; மூன்றாம் நாள் நாறும்.
குறித்துக்கொண்டான். பிறகு பேனாவை நிறுத்தி,
இதில் விருந்தாளி யார்,
அவர்களா, நாங்களா?
மருந்தைப்பற்றி அவன் கேட்கவில்லை.

வியாழன், நாலே முக்கால். வெளியே இருட்டிவிட்டது.
முற்றத்தில் யாரோ சைக்கிளின் பனியைத் தட்டும் சத்தம்.
ஒன்று வந்தது:

போறன் எண்டு எல்லாருக்கும் எழுதிப்போட்டு
மூண்டு நாள் பாத்தன்.
ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை.
நீதான் கேட்டாய்.
அதுவும் கட்டம் போட்டு.

பெயரை எங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஊர் மட்டும்: ஹாகன்.
ரயிலில் இருபது நிமிடம்.
போன ஞாயிறு அங்கேதான் முருங்கைக்காய் வாங்கினேன்,
கடையில் எனக்கு முன்னால் நின்றவர்
மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணினார்.
அவராக இருக்காது. இருக்கலாம்.

பதில் எழுதப் பொத்தான் இல்லை.
இல்லை என்று தெரிந்தே தேடினேன்.
எண் மூன்று, நேரமின்மை?
எண் ஐந்து, வேறு தளம்?
என் கணக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதை நான் மூட முடியாது,
காலையில் இந்தக் கட்டடத்தின் கதவு அதற்குத்தான் திறக்கிறது.

மூலையில் முகம் மஞ்சளாகி, சிவந்தது.

நூர்குல் திரைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
என்ன, சிக்கிவிட்டதா?
ஒருவர், என்றேன்.

நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
வாசித்துக் காட்டு. உன் மொழியிலேயே.
உனக்குப் புரியாதே.
பரவாயில்லை. எவ்வளவு நீளம் என்று கேட்கிறேன்.

வாசித்தேன்.
ஆளில்லாத அவள் மேசையிலும்
முகம் சிவக்கத் தொடங்கியது.